ஏஞ்சல் காசு தேடிப் போன ஓவியர்: புரவலர் முறைக்கு ஓர் எளிய அறிமுகம்

1526 ஆகஸ்ட் 29. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் உட்கார்ந்து, லத்தீனில் எழுதும் அறிஞர் எராஸ்மஸ் ஒரு சின்னக் கடிதம் எழுதுகிறார். பெறுபவர் ஆன்ட்வெர்ப்பில் இருக்கும் அவருடைய நண்பர் பீட்டர் கில்லிஸ். விஷயம் இவ்வளவுதான்: இதைக் கொண்டுவருகிறவர்தான் என்னை ஓவியமாகத் தீட்டியவர். நல்ல கலைஞர். உங்கள் ஊர் ஓவியர் குவென்டினைப் பார்க்க இவர் ஆசைப்பட்டால், உங்களுக்கு நேரமில்லாவிட்டாலும் ஒரு வேலைக்காரனை அனுப்பி வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே கலைகள் குளிரில் விறைத்துப் போய்க் கிடக்கின்றன. கொஞ்சம் ஏஞ்சல்களைச் சுரண்டிச் சேர்க்கலாம் என்று இவர் இங்கிலாந்துக்குப் போகிறார்.

ஏஞ்சல் என்பது அப்போது இங்கிலாந்தில் புழங்கிய தங்கக் காசு. ஒரு பக்கத்தில் மிக்கேல் தேவதூதர் நாகத்தைக் குத்திக் கொல்கிற உருவம் பொறித்திருக்கும், அதனால் அந்தப் பெயர். தேவதூதர்களைச் சேகரிக்கப் போகிறார் என்று எராஸ்மஸ் குறும்பாகச் சொல்கிறார்.

கடிதத்தைச் சுமந்து போன ஓவியரின் பெயர் ஹான்ஸ் ஹோல்பைன். வயது முப்பதைத் தொடவில்லை. பின்னாளில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் முகம் என்று உலகம் முழுக்க எதை நினைத்துக்கொள்கிறதோ, அந்த முகத்தை வரைந்தவர் இவர்தான்.

ஏறத்தாழ 1500 முதல் 1800 வரையான காலத்தைத் தொடக்க நவீன காலம் என்பார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களைப் பற்றிப் படிக்கப் போனால், புத்தகங்கள் அவர்களைத் தனித்தனி அறைகளில் அடைத்து வைத்திருக்கும். எழுத்தாளர்கள் ஒரு அத்தியாயம், ஓவியர்கள் ஒன்று, மதகுருமார் ஒன்று, ராஜா ராணிகள் ஒன்று. முதன்முறை படிக்கிறவருக்கு இது பெரிய குழப்பம். எராஸ்மஸுக்கும் ஹென்றிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பேராயரின் வீட்டுச் சுவரில் ஹோல்பைனின் படம் எப்படி வந்தது? இந்த நான்கு வகையினரையும் ஒரே கயிறு கட்டியிருந்தது. அதைத்தான் புரவலர் முறை என்கிறோம்.

நமக்கு இது புதிய சங்கதி இல்லை. ஆற்றுப்படை என்று ஒரு பாட்டு வகையே நம்மிடம் இருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ புலவனோ, எதிரே வரும் வறிய கலைஞனிடம் "இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், உனக்கும் கொடுப்பான்" என்று வழிசொல்வது. எராஸ்மஸின் கடிதத்தை அப்படிப் படித்தால் சட்டென்று பிடிபடும். வழிசொல்பவர் தானே பரிசு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது ஆற்றுப்படையின் விதி. எராஸ்மஸும் அப்படித்தான், அவரே இங்கிலாந்தில் வாங்கித் தின்றவர்.

எப்படி வாங்கினார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைக்கு எழுத்தாளருக்கு இன்றைய பொருளில் ராயல்டி கிடையாது. புத்தகம் எவ்வளவு விற்றாலும், வேறொரு ஊர் அச்சுக்காரர் அதைத் தன் இஷ்டத்துக்கு அடித்து விற்றாலும், ஆசிரியர் கேட்க முடியாது. அப்படியானால் சாப்பாட்டுக்கு வழி? கேன்டர்பரி பேராயர் வில்லியம் வார்ஹாம் 1512இல் கென்ட் பகுதியிலுள்ள ஆல்டிங்டன் என்ற ஊர்ப் பங்கை எராஸ்மஸுக்குக் கொடுத்தார். அதாவது அவ்வூர்ப் பங்குக் குருவின் பதவியும் அதன் வருமானமும். ஒரே ஒரு சிக்கல், எராஸ்மஸுக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்ய வராது. அவருக்கு லத்தீன்தான் எல்லாம். அதனால் சில மாதங்களிலேயே பதவியை விட்டார். ஆனால் அந்தப் பங்கின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 20 பவுண்டு அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கென்ட் விவசாயிகள் தங்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்க, அதில் ஒரு பகுதி, அவர்கள் கண்ணால் காணாத ஓர் அறிஞரின் மேசைக்குப் போயிற்று. கோயில் மானியத்தில் வாழ்ந்த வித்வான்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்குக் கைம்மாறு? காணிக்கை உரை. புனித ஜெரோமின் எழுத்துகளை எராஸ்மஸ் 1516இல் பதிப்பித்தபோது அதை வார்ஹாமுக்குக் காணிக்கையாக்கினார். அதே ஆண்டு வந்த கிரேக்கப் புதிய ஏற்பாடு போப் பத்தாம் லியோவுக்கு. அப்புறம் நான்கு நற்செய்திகளுக்கும் விளக்கவுரை எழுதினாரே, அந்தக் கணக்குதான் ரசிக்கத்தக்கது. மத்தேயு பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு, யோவான் அவர் தம்பி ஃபெர்டினாண்டுக்கு, லூக்கா எட்டாம் ஹென்றிக்கு, மாற்கு பிரான்சு அரசர் முதலாம் பிரான்சிசுக்கு. சார்லஸும் பிரான்சிஸும் அப்போது ஒருவரோடு ஒருவர் போரில் இருந்தார்கள். எராஸ்மஸ் யாரையும் விட்டுவைக்கவில்லை.

இதைப் பிச்சை என்று நினைத்தால் தவறு, வியாபாரம் என்று நினைத்தாலும் தவறு. ஒரு பெரிய மனிதரின் பெயர் புத்தகத்தின் முகப்பில் இருந்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும். எழுத்தாளரின் மேல் மதப்பழி சுமத்த நினைப்பவர் ஒரு கணம் யோசிப்பார். புரவலருக்கோ அச்சிட்ட ஒவ்வொரு பிரதியும் அவர் புகழைச் சுமந்து ஐரோப்பா முழுக்கப் போகும். பணம் நடுவில் ஓடியது, ஆனால் அதைக் கூலி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமலிருப்பதுதான் இந்த முறையின் நாகரிகமே.

சரி, பாசலில் கலைகள் ஏன் குளிரில் விறைத்தன? ஓவியருக்குப் பெரிய வாடிக்கையாளர் திருச்சபை. பீடத்துக்குப் பின்னால் வைக்கும் படங்கள், சுவரோவியங்கள், புனிதர்களின் உருவங்கள். லூத்தர் என்ற ஜெர்மானியத் துறவி 1517இல் தொடங்கிவைத்த திருச்சபைச் சீர்திருத்தம் பாசலுக்குள் நுழைந்ததும் படங்களை வணங்குவது சரியா என்ற கேள்வியும் கூடவே நுழைந்தது. படத்துக்குச் சொல்லிவைக்க ஆளில்லாமல் போயிற்று. 1529 பிப்ரவரியில் கூட்டமே தேவாலயங்களுக்குள் புகுந்து படங்களையும் சிலைகளையும் அடித்து நொறுக்கியது. ஹோல்பைனின் கண்ணால் பார்த்தால் இது இறையியல் சண்டை மட்டுமல்ல, பிழைப்பு போன கதை.

எராஸ்மஸின் கடிதம் ஹோல்பைனை ஆன்ட்வெர்ப் வழியாக லண்டனில் தாமஸ் மோரிடம் கொண்டுசேர்த்தது. வழக்கறிஞர், எழுத்தாளர், அரசரின் ஆலோசகர். 'உட்டோப்பியா' எழுதியவர் என்றால் பலருக்குத் தெரியும். அந்த நூலின் கதை தொடங்குவதே ஆன்ட்வெர்ப்பில், அதே பீட்டர் கில்லிஸின் அறிமுகத்தோடு. ஆட்கள் திரும்பத் திரும்ப அதே ஆட்களாக இருப்பதைக் கவனியுங்கள். மோர் எராஸ்மஸுக்குப் பதில் எழுதினார்: உங்கள் ஓவியர் அற்புதமானவர், ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இங்கிலாந்து செழிப்பாக இருக்காதோ என்று பயமாயிருக்கிறது, முழு வறட்சியாக இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பார்த்துக்கொண்டார். 1527இல் ஹோல்பைன் மோரை வரைந்தார், மோரின் குடும்பத்தை மொத்தமாக உட்காரவைத்தும் வரைந்தார். அந்தப் பெரிய குடும்பப் படம் பின்னாளில் தீயில் அழிந்துவிட்டது. எராஸ்மஸுக்கு அனுப்பிவைத்த கோட்டுச் சித்திரம் மட்டும் இன்றும் பாசலில் இருக்கிறது. அதே ஆண்டு பேராயர் வார்ஹாமையும் வரைந்தார். ஆல்டிங்டன் வருமானத்தை எராஸ்மஸுக்கு ஒதுக்கிய அதே வார்ஹாம். சில ஆண்டுகளுக்கு முன்பு எராஸ்மஸ், ஹோல்பைன் வரைந்த தன் படமொன்றை இவருக்கு அனுப்பியிருந்தார். அந்தப் படம் எராஸ்மஸின் நன்றிக்கடன், ஹோல்பைனுக்கோ அது விளம்பரப் பலகை. ஓவியர் வந்துசேரும் முன்பே அவர் கை லண்டனுக்கு வந்துவிட்டது.

1528இல் ஊர் திரும்பி பாசலில் வீடு வாங்கினார். அந்தச் சமயத்தில் மனைவி எல்ஸ்பெத்தையும் இரண்டு குழந்தைகளையும் ஒரு படம் வரைந்தார். ஹோல்பைனின் படங்களில் என்னை நிறுத்திவைப்பது அதுதான். பட்டு இல்லை, நகை இல்லை, பின்னணியில் ஒன்றுமே இல்லை. தாழ்ந்த, களைத்த கண்கள். யாரும் கேட்காமல், யாருக்கும் கொடுக்க வேண்டியில்லாமல் வரைந்த படம் எப்படியிருக்கும் என்பதற்கு அது சாட்சி. 1532இல் அவர்களை அங்கேயே விட்டுவிட்டு மறுபடி லண்டனுக்குக் கிளம்பினார்.

இந்த இடத்தில்தான் புரவலர் முறையின் மறுபக்கம் தெரிகிறது. ஹோல்பைன் போன அதே ஆண்டு மே மாதம் மோர் தலைமை அமைச்சர் பதவியைத் துறந்தார். அரசர் தன் முதல் மணத்தை ரத்துசெய்யவும், அதற்காகப் போப்பின் பிடியிலிருந்து இங்கிலாந்துத் திருச்சபையை விடுவிக்கவும் முனைந்ததை மோரால் ஏற்க முடியவில்லை. ஆகஸ்டில் வார்ஹாம் இறந்தார். வழிகாட்டிய விளக்குகள் இரண்டும் அணைந்துவிட்டன. மோரின் ஆள் என்ற பெயர் இனி ஆபத்து. 1535 ஜூலை 6 அன்று மோரின் தலை துண்டிக்கப்பட்டது.

ஹோல்பைன் என்ன செய்தார்? முதலில் கைக்காசு கொடுக்கும் ஆட்களைப் பிடித்தார். லண்டனில் ஜெர்மானிய வணிகர்களுக்கென்று ஸ்டீல்யார்ட் என்ற வளாகம் இருந்தது. அங்கிருந்த கியோர்க் கிஸ்ஸே என்ற வணிகரை 1532இல் அவர் வரைந்த படத்தைப் பாருங்கள். சுவரில் செருகிய கடிதங்கள், முத்திரை, காசுப் பெட்டி, கண்ணாடிக் குவளையில் கார்னேஷன் பூக்கள். மேசை விரிப்பின் நூலைக்கூட எண்ணலாம். "எனக்கு எல்லாம் வரும்" என்று ஓவியர் மாதிரிக்கு வைத்துக் காட்டிய கடைப்பலகை போலிருக்கிறது எனக்கு. வணிகர் படத்துக்குப் பணம் கொடுப்பார், கணக்கு முடிந்தது. புரவலரிடம் கணக்கு முடியவே முடியாது. வித்தியாசம் அதுதான்.

அடுத்த ஆண்டு, 1533இல், 'தூதர்கள்' வந்தது. ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். இடப்பக்கம் பிரெஞ்சுத் தூதர் ஜான் த டான்ட்வில், வயது 29. வலப்பக்கம் அவர் நண்பர் ஜார்ஜ் த செல்வ், வயது 25, பிரான்சில் லவோர் மறைமாவட்டத்துக்கு ஆயராகக் குறிக்கப்பட்டவர். வயதைக் குத்துவாளின் உறையிலும் புத்தகத்தின் ஓரத்திலும் எழுதிவைத்திருக்கிறார். இருபத்தைந்து வயதில் ஆயரா என்று கேட்கத் தோன்றும். அன்றைக்கு மதகுரு என்பது பல நேரங்களில் குடும்பச் செல்வாக்கால் வாய்த்த பதவி, அரசாங்க வேலைக்கும் அதுவே படிக்கட்டு. ஆயர்கள் தூது போனார்கள், கார்டினல்கள் அமைச்சர்களாக இருந்தார்கள். 'மதகுருமார்' என்ற அத்தியாயத்தைப் படிக்கும்போது ஜெபமாலையோடு கோப்புக்கட்டுகளையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். படத்தின் நடுவே அறுந்த நரம்போடு ஒரு வீணை வகைக் கருவி. கீழே கோணலாக இழுபட்ட ஏதோ ஒன்று. பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்த்தால் அது மண்டையோடு.

அதே காலத்தில் ஹோல்பைன் தாமஸ் குரோம்வெல்லையும் வரைந்தார். அரசரின் புதிய வலக்கை. இவர் ஒரு நூற்றாண்டுக்குப் பின்வந்த ஆலிவர் குரோம்வெல் அல்ல, இந்தப் பெயர்க் குழப்பத்தில் விழாதவர்கள் குறைவு. மோரை வரைந்த கை, மோரின் வீழ்ச்சியில் பங்கிருந்தவரையும் வரைந்தது. இரண்டு படங்களும் இன்று நியூயார்க்கில் ஃபிரிக் அருங்காட்சியகத்தில், ஒரே கணப்புக்கு இருபுறமும், ஒன்றையொன்று பார்த்தபடி மாட்டியிருக்கின்றன. இதை நன்றிகெட்டதனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புரவலரின் கட்சி கலைஞனின் கட்சியாக இருந்தாக வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் ஒரு ஓவியரும் நாற்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார்.

1536 வாக்கில் ஹோல்பைன் அரசரின் ஓவியர். சம்பளம் ஆண்டுக்கு 30 பவுண்டு. அதே அரண்மனையில் லூக்காஸ் ஹோரன்பவுட் என்ற சிற்றோவியருக்கு 33 பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். இன்று ஹோரன்பவுட்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்! இந்தச் சம்பளம் ஒவ்வொரு படத்துக்குமான விலை அல்ல, ஆளைக் கையில் வைத்துக்கொள்வதற்கானது. அதனால் கேட்டதையெல்லாம் செய்ய வேண்டும். நகை, குத்துவாளின் பிடி, கிண்ணம் எல்லாவற்றுக்கும் வடிவம் போட்டுக் கொடுத்தார். அரசி ஜேன் சீமோருக்காக அவர் வடிவமைத்த தங்கக் கிண்ணம் பின்னாளில் உருக்கப்பட்டுவிட்டது, காகிதத்தில் போட்ட வடிவம்தான் தப்பியது. ஒயிட்ஹால் அரண்மனைச் சுவரில் 1537இல் ஹென்றியைக் கால்களை அகட்டி நிற்கவைத்து வரைந்தார். அந்தச் சுவரும் 1698 தீயில் போயிற்று. ஆனால் அந்த நிற்பு போகவில்லை, ஹென்றி என்றதும் மனதில் வருவது அதுதான்.

ஜேன் சீமோர் இறந்த பிறகு அரசருக்குப் பெண் பார்க்கும் வேலையும் ஓவியர் தலையில் விழுந்தது. நாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ அனுப்புவோமே, அதேதான். 1538 மார்ச் 12 அன்று பிரசல்ஸில் டென்மார்க்கின் கிறிஸ்டினா அவர் முன்னால் அமர்ந்தார். பதினாறு வயதில் விதவை. கிடைத்தது மூன்று மணி நேரம். அந்த நேரத்தில் கோட்டுச் சித்திரம் எடுத்துவந்து, லண்டனில் முழு உருவப் படமாக்கினார். திருமணம் நடக்கவில்லை, படம் மட்டும் நின்றது.

அதே 1538இல் பாசல் நகர மன்றம் ஹோல்பைனுக்கு ஆண்டுக்கு 50 குல்டன் தருகிறோம், வந்துவிடு என்றது. போய்ப் பார்த்தார், தங்கவில்லை.

1539 புத்தாண்டு நாளில் நடந்ததுதான் இந்த முறைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். அரண்மனையில் புத்தாண்டுக்கு எல்லோரும் அரசருக்குப் பரிசு கொடுப்பார்கள், அரசர் பதிலுக்குக் கொடுப்பார், எழுத்தர் இரண்டையும் பட்டியலில் ஏற்றுவார். வெள்ளிச் சாமானென்றால் எடையோடு. ஹோல்பைன் கொடுத்தது சின்ன இளவரசர் எட்வர்டின் படம். ஒன்றேகால் வயதுக் குழந்தை, கையில் தங்கக் கிலுகிலுப்பை. கீழே ரிச்சர்ட் மோரிசன் எழுதிய லத்தீன் செய்யுள்: அப்பாவைப் போலாகு, முடிந்தால் அவரைவிட மேலாகு. பதிலுக்கு அரசர் கொடுத்தது மூடியோடு கூடிய, தங்க முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம். படத்தை விற்றார் என்று சொல்ல முடியாது, கிண்ணத்தைக் கூலி என்றும் சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன.

அந்த ஆண்டு ஆகஸ்டில் டியூரென் என்ற ஊரில் கிளீவ்ஸ் இளவரசி ஆனை வரைந்தார். இந்தச் சம்பந்தத்தை முன்னின்று நடத்தியவர் குரோம்வெல். 1539 டிசம்பர் கடைசியில் ஆன் வந்திறங்கினார், ஹென்றிக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை. 1540 ஜனவரியில் நடந்த மணம் ஆறு மாதத்தில் ரத்து. ஜூலை 28 அன்று குரோம்வெல்லின் தலை போயிற்று. ஓவியர் அழகைக் கூட்டிக் காட்டி ஏமாற்றினார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையாக இருந்திருந்தால் தண்டனையில் முதல் ஆள் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஹோல்பைன் மீது ஒரு விரல்கூட விழவில்லை. லூவரில் இருக்கும் அந்தப் படத்தில் உடையும் நகையும் பேசுகிற அளவுக்கு முகம் பேசுவதில்லை என்பது மட்டும் உண்மை.

மூன்று ஆண்டு கழித்து, 1543 அக்டோபர் 7 அன்று, லண்டனில் ஹோல்பைன் உயில் எழுதினார். அடுத்த மாதம் முடிவதற்குள் இறந்துவிட்டார். நாற்பத்தைந்தை ஒட்டிய வயது. உயில் மிகச் சின்னது. என் பொருள்களையும் குதிரையையும் விற்றுக் கடனை அடையுங்கள். கிரீனிச்சிலுள்ள அரச ஊழியர் அந்தோனிக்கு 10 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ். ஆன்ட்வெர்ப்பைச் சேர்ந்த பொற்கொல்லர் ஜானுக்கு 6 பவுண்டு. இந்த இரண்டுமே சேர்ந்து அவருடைய அரையாண்டுச் சம்பளத்தைத் தாண்டுகின்றன. அப்புறம் செவிலியிடம் வளரும் இரண்டு குழந்தைகள். எல்ஸ்பெத்தின் பிள்ளைகள் அல்ல, லண்டனில் பிறந்தவர்கள், அவர்களின் தாய் பெயர் உயிலில் இல்லை. அவர்கள் வளர்ப்புச் செலவுக்கு மாதம் 7 ஷில்லிங் 6 பென்ஸ்.

அந்த ஆண்டு ஓர் ஏஞ்சல் காசின் மதிப்பு 7 ஷில்லிங் 6 பென்ஸ்.